ஒரு சாண் தூரத்தில் ஒரு ஃபியூஸ்

போன மாசம் வேனோட படம் ஒண்ணு போட்டாலும் போட்டேன், சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் மூணு பேரு ஒரே கேள்வியைக் கேட்டுட்டாங்க. "அண்ணே, வேனுக்குள்ள லைட், ஃபேன் எல்லாம் ஓடுதே, எப்படி வயரிங் பண்ணீங்க? நாங்களும் ஒரு பழைய வேன் வாங்கி ஊர் சுத்தலாம்னு இருக்கோம்."

ஊர் சுத்துறது நல்ல காரியம்தான். ஆனா நான் வேன்ல உறங்குறது ஊர் சுத்த இல்ல. தேன் பெட்டிக்குக் காவலுக்கு. அதை முதல்ல சொன்னாத்தான் என் வயரிங் ஏன் இப்படி இருக்குன்னு புரியும்.

அருமனையில எங்க விளையில ரப்பர், ஓரத்துல ஏத்தன் வாழை, கொஞ்சம் மரச்சீனி. அதோட எங்கப்பா காலத்திலிருந்தே தேன் பெட்டி. மார்த்தாண்டம் பக்கம் பெட்டியில தேனீ வளர்க்குறது 1920கள்ல, ஸ்பென்சர் ஹாட்ச் நடத்தின ஒய்.எம்.சி.ஏ. கிராமப்புற மையம் வழியா பரவின தொழில். அது இன்னிக்கு இந்தப் பக்கத்துல பல குடும்பத்துக்குச் சோறு. தொண்ணூறுகளோட தொடக்கத்துல புழுவையே பை மாதிரி ஆக்கிக் கொல்லுற ஒரு வைரஸ் நோய் வந்து, தென்னிந்தியா முழுக்க பெட்டிகள் காலியாச்சு. அப்பாவோட பெட்டிகளும் அப்பவே போச்சு. ரொம்ப வருஷம் கழிச்சு நான் ரெண்டு பெட்டியில மறுபடி தொடங்கினேன். இப்போ நூத்தி இருபது.

பட்டணத்து ஆளுங்களுக்கு ஒரு விஷயம் ஆச்சரியமா இருக்கும். எங்க தேன்ல பெரும்பங்கு பூவிலிருந்து வர்றதில்ல. ரப்பர் மரம் மார்கழி, தை மாசத்துல இலையை எல்லாம் உதிர்க்கும். அப்புறம் செம்பு நிறத்துல தளிர் விடும். ஒரு காம்புல மூணு இலை இருக்குதில்லையா, அந்த மூணும் சேர்ற முடிச்சுல சின்னச் சின்னச் சுரப்பிங்க இருக்கு. தளிர் முத்துற வரைக்கும் அதுல தேன் கசியும். நாலஞ்சு வாரம்தான் கணக்கு. அந்த நாலஞ்சு வாரம் பெட்டி எங்க இருக்கோ அதுதான் எங்க வருஷ வருமானம்.

எல்லா இடத்துலயும் ஒரே நாள்ல தளிர் விடாது. அதனால சாயங்காலம் தேனீ எல்லாம் கூடடைஞ்ச பிறகு வாசலை வலை வச்சு அடைச்சு, வாடகை மினி லாரியில ஏத்தி, ராத்திரியோட ராத்திரியா பனச்சமூடு, வெள்ளறடை வழியா கேரளத்துக்குள்ள போயி, பாலோடு பக்கத்துத் தோட்டங்கள்ல விடியுறதுக்கு முன்னால இறக்கி வைப்போம். வச்சிட்டு வந்துட முடியாது. பெட்டி களவு போகும். எறும்பு ஏறும். வாரம் ஒருக்கா தேனறைச் சட்டத்தை எடுத்துச் சுத்தி வடிக்கணும். அதனால ஒரு ஆள் அங்கேயே கிடக்கணும். முந்தியெல்லாம் தார்ப்பாய் கட்டிப் படுத்தோம். 2021ல ஒரு பழைய ஆம்னி வாங்கினேன். மாருதி அந்த வண்டியை 2019லயே நிறுத்திட்டாலும் எங்க பக்கம் இன்னும் அதுக்கு மவுசு குறையல. பின் சீட்டை மடக்கி மேல பலகை போட்டா ரெண்டு பேரு படுக்கலாம். கால் நீட்டணும்னா கொஞ்சம் கோணலா.

பேட்டரி ஆசை எனக்கு அதுக்கும் முந்தியது. 2017 நவம்பர் 30, ஒக்கி. எங்க விளையில ரப்பர் மரம் வேரோட சரிஞ்சு கிடந்தது, ரோட்டுல போஸ்டு போஸ்டா சாய்ஞ்சு கிடந்தது. எத்தனையோ நாள் கரண்ட் இல்ல. பக்கத்து வீட்டுல ஒருத்தர் தன் கார் பேட்டரியைக் கழட்டித் திண்ணையில வச்சு, அதுல போன் சார்ஜ் ஏத்திக் குடுத்தாரு. தெருவே வரிசையில நின்னுது. வெளிநாட்டுல இருக்குற பிள்ளைங்க கூடப் பேச முடியாம தவிச்ச கிழவிங்க அந்தத் திண்ணையில உக்காந்து அழுதுட்டே பேசினது இன்னும் கண்ணுல நிக்கி. பன்னிரண்டு வோல்ட்டுக்கு இவ்வளவு சக்தியான்னு அன்னிக்குத் தோணுச்சு. வேன் வாங்கினதும் முதல்ல செஞ்ச காரியம், பழைய பேட்டரிக் கடைக்குப் போயி ஒரு கார் பேட்டரி வாங்கினதுதான்.

வயரிங்கும் நானே பண்ணினேன். இதுல என்ன பெரிய வித்தைன்னு ஒரு நினைப்பு. வீட்டு வேலைக்கு வாங்கி மிச்சம் கிடந்த ஒரு சதுர மில்லிமீட்டர் ஒத்தக் கம்பி வயர். பேட்டரி பின்னால. ஃபேனும் லைட்டும் முன்னால. பாசிட்டிவ் வயரைத் தரை விரிப்புக்கு அடியில கொண்டு போனேன். நெகட்டிவுக்கு வயர் எதுக்கு, வண்டித் தகரமே போதுமேன்னு பாடியில முறுக்கினேன். இணைப்பு எல்லாம் கையால முறுக்கி மேல டேப். ஃபியூஸ்? வீட்டுலதான் அதெல்லாம் வேணும், வெறும் பன்னிரண்டு வோல்ட்டுக்கு என்னத்துக்கு, தொட்டாக்கூட ஷாக் அடிக்காதே.

லைட் எரிஞ்சுது. ஃபேன் ஓடுச்சு. வேலை செஞ்சதுதான் கேடா முடிஞ்சுது. அன்னிக்கே எரியாம இருந்திருந்தா யார்கிட்டயாவது கேட்டிருப்பேன்.

2022 ஜனவரி கடைசி. பாலோட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு தோட்டம். நானும் என் அக்கா மகனும். அவனுக்கு அப்போ பத்தொன்பது வயசு. காலேஜ் லீவுல "மாமா கூட நானும் வாறேன்"னு கிளம்பி வந்தவன். அக்காவுக்கு ஒரே பிள்ளை. அத்தான் இல்ல. "காட்டுல பாம்பு கீம்பு கிடக்கும், அவனை ராத்திரி வெளியே விடாதே கேட்டியா"ன்னு ஆயிரம் தடவை சொல்லித்தான் அனுப்பினா.

ராத்திரி ரெண்டு மணி இருக்கும், நாய் குரைச்சுது. பக்கவாட்டுக் கதவைத் தள்ளித் திறந்து டார்ச் அடிச்சுப் பாத்தேன். ஒண்ணும் இல்ல. கதவை இழுத்துச் சாத்திட்டுப் படுத்தேன். கொஞ்ச நேரத்துல ஒரு வாடை. ரப்பர் கரியுற வாடை.

இங்கதான் நான் மோசம் போனேன். ரப்பர் தோட்டத்துல ரப்பர் வாடை அடிச்சா யாரு சந்தேகப்படுவா? ஷீட்டுக்குப் புகை போடுற புகைப்புரை பக்கத்துல எங்கேயோ இருக்கும், காத்து இங்ஙன திரும்பியிருக்கும்னு நினைச்சு மறுபக்கம் திரும்பிப் படுத்துட்டேன். கண்ணு எரிய ஆரம்பிச்ச பிறகுதான் எழும்பினேன். டார்ச் வெளிச்சத்துல வேனுக்குள்ள புகை வெள்ளையா நிக்கி. தரை விரிப்புல கதவு ஓரமா ஒரு கோடு மாதிரி கறுத்துப் போயி, அதுல நடுவுல ஒரு இடம் செவ்வா மினுங்குது.

"மக்கா, எழும்புலே, வெளியே சாடு!"ன்னு கத்தினேன். அவன் எழும்பல. அந்த வயசு உறக்கம். காலைப் பிடிச்சு இழுத்துத்தான் வெளியே போட்டேன். திரும்பி வந்து வயரைக் கையால பிடிச்சு இழுத்தேன், புத்தி அப்படித்தான் வேலை செஞ்சுது. வயரோட தோல் உருகி உள்ளங்கையில ஒட்டிக்கிச்சு. பேட்டரி டெர்மினலைக் கழட்டணும்னா ஸ்பேனர் வேணும். ஸ்பேனர் பலகைக்கு அடியில, பலகைக்கு மேல மெத்தை. கடைசியில சட்டத்துக்குக் கம்பி கட்டுற கட்டிங் பிளேயர் கையில கிடைச்சுது. பேட்டரிக்குப் பக்கத்துல ஒரே வெட்டு.

அதுக்கு அப்புறம்தான் கை நடுங்க ஆரம்பிச்சுது. பலகைக்கு அடியில புகைப்பானுக்கு வச்சிருந்த காஞ்ச தேங்காத் தும்பு ஒரு சாக்கு. கீழ பெட்ரோல் டேங்க்.

அந்தப் பய தரையில உக்காந்து கண்ணைக் கசக்கிட்டே, "என்ன மாமா, விடிஞ்சிட்டா?"ன்னு கேட்டான்.

ஒரு வாரம் வீட்டுல சொல்லல. புகைப்பான் சுட்டுட்டுன்னு கட்டைக் காட்டிச் சமாளிச்சேன். எங்க வீட்டுக்காரி நம்பல, ஆனா கேக்கவும் இல்ல. அக்காகிட்டே மட்டும் சொல்லாம இருக்க முடியல. திண்ணையில வச்சுச் சொன்னேன். அவ திட்டுவான்னு நினைச்சேன். ஒண்ணும் பேசல. முறத்துல இருந்த அரிசியைப் புடைச்சிட்டே இருந்தா. ரொம்ப நேரம் கழிச்சு, "உனக்குத் தெரியாத வேலைன்னா தெரிஞ்சவன்கிட்டே கேக்கப்பிடாதா லே"ன்னா. அவ்வளவுதான். அடுத்த சீசனுக்கு அவனை அனுப்புவியான்னு கேக்க எனக்கு நாக்கு எழும்பல.

தெரிஞ்சவன் யாரு? வீட்டு வயரிங் செய்யுற ஆளுங்களைக் கேட்டேன். "பன்னிரண்டு வோல்ட்டா? இன்வெர்ட்டர் ஒண்ணு வச்சு வீட்டு மாதிரியே ஆக்கிடலாம்"னாங்க. அப்போதான் மார்த்தாண்டத்துல ஒரு தேன் வியாபாரி சொன்னாரு: "ஓய், கடற்கரைக்குப் போங்க. தூத்தூர்க்காரங்க படகு மாசக் கணக்குல ஆழ்கடல்ல கிடக்குது. விளக்கு, வயர்லெஸ், ஜிபிஎஸ் எல்லாம் பேட்டரிதானே. அந்த வயரிங் செய்யுறவங்களைவிடத் தெரிஞ்சவன் யாரு?"

சரிதானே. நாங்க மலைக்காரங்க, அவங்க கடல்காரங்க, நடுவுல ஒரு மணி நேர பஸ் பயணம்தான். ஆனா மீன் வாங்குறதைத் தவிர வேற எதுக்கும் நான் அந்தப் பக்கம் போனதில்ல. தேங்காப்பட்டணம் துறைமுகம் பக்கம் விசாரிச்சு ஒரு பெரியவரைக் கண்டுபிடிச்சேன். அறுபது தாண்டின ஆளு, படகு வயரிங்தான் வாழ்க்கை முழுக்க. கருகின வயரை ஒரு கவருக்குள்ள போட்டுக் கொண்டு போயிருந்தேன். வாங்கி ரெண்டு பக்கமும் திருப்பிப் பாத்தாரு. கதவுத் தண்டவாளத் தகரம் அறுத்த இடத்தை நகத்தால தொட்டாரு.

"உனக்கு நல்ல நேரமும் கெட்ட நேரமும் சேர்ந்து வந்திருக்கு தம்பி. இந்த வயரு தகரத்துல நல்லா அழுந்தி ஒட்டியிருந்தா, ரெண்டு நொடியில உருகி அறுந்து போயிருக்கும். சத்தம் கேட்டிருக்கும், உனக்கு விழிப்பு வந்திருக்கும். இது தொட்டும் தொடாமலும் நின்னிருக்கு. அப்போ வயரு அறாது, நீளத்துக்கும் சூடேறும். எரியுறது இப்படித்தான்."

பிறகு கேட்டாரு, "ஃபியூஸ் எங்க போட்டிருந்த?"

போடலன்னு சொல்ல வெக்கமா இருந்துது. தலையைக் குனிஞ்சேன். அவர் சிரிக்கல. "எல்லாரும் ஃபியூஸுன்னா ஃபேனைக் காப்பாத்துறதுக்குன்னு நினைக்கான். ஃபேன் போனா போகட்டும். ஃபியூஸு வயரைக் காப்பாத்தத்தான். நடுக்கடல்ல வயரு பத்துனா எங்க சாடுவ?"

ஒக்கியில அவங்க கரை இழந்ததை நான் இங்க எழுத வேண்டியதில்ல. அந்த ஆளு அதைப் பத்தி ஒரு வார்த்தை பேசல, நானும் கேக்கல. ரெண்டு நாள் கூட வச்சுச் சொல்லிக் குடுத்தாரு. கூலின்னு குடுத்ததை வாங்கல. ஒரு கிலோ தேன் மட்டும் வாங்கிக்கிட்டாரு.

அவர் சொன்னதுல முக்கியமானது, பேட்டரியோட பாசிட்டிவிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள்ள மெயின் ஃபியூஸ். ஏன் ஒரு சாண்? ஃபியூஸுக்கும் பேட்டரிக்கும் நடுவுல இருக்குற வயருக்குக் காவல் கிடையாது. அந்த இடம் எவ்வளவு குட்டையோ அவ்வளவு நல்லது. நான் முதல்ல ஃபியூஸ் போட்டிருந்தாலும் அதை ஃபேன் பக்கத்துலதான் போட்டிருப்பேன், கண்ணுக்குத் தெரியணுமேன்னு. அப்படிப் போட்டிருந்தாலும் அன்னிக்கு எரிஞ்சிருக்கும். அறுபட்ட இடம் நடுவுல இல்லையா?

அடுத்தது, ஃபியூஸ் அளவு வயரைப் பொறுத்தது. மெயின் வயர் ஆறு சதுர மில்லிமீட்டர், அதுக்கு 30 ஆம்பியர் ஃபியூஸ். அங்கிருந்து ஒரு சின்ன ஃபியூஸ் பெட்டி, கார்ல வர்ற தட்டை ஃபியூஸ்தான். ஃபேனுக்கு 5, லைட்டுக்கு 5, போன் சார்ஜருக்கு ஏழரை. எல்லாம் நிறத்துல அடையாளம் தெரியும், ஏழரைன்னா பழுப்பு, பத்துன்னா சிவப்பு, முப்பதுன்னா பச்சை. ஃபியூஸ் போனா ஏன் போச்சுன்னு பாக்காம பெருசாப் போடுறது, சிகரெட் அட்டை வெள்ளித்தாளைச் சுத்தி வைக்குறது எல்லாம் ஃபியூஸே இல்லாததுக்குச் சமம்.

வயர் வீட்டு ஒத்தக் கம்பி கூடாது. பல இழை முறுக்கின வயர்தான் வேணும். வண்டி குலுங்கும், ஒத்தக் கம்பி வளைஞ்சு வளைஞ்சு முறியும். கை முறுக்கு கூடாது, செம்பு முனை வச்சு அமுக்கணும். அமுக்கின பிறகு பலமா இழுத்துப் பாக்கணும், கையோட வந்தா அது அமுக்கினதே இல்ல. தகரத்துல ஓட்டை வழியாப் போகுற இடத்துல எல்லாம் ரப்பர் வளையம். நெகட்டிவுக்கும் தனி வயர், தகரத்தை நம்பாதே. ரப்பர் விவசாயி ஒருத்தன் ஒரு துண்டு ரப்பர் வளையம் இல்லாம எரியப் பாத்தான்னு நினைச்சா எனக்கே சிரிப்பு வருது. இப்போ சிரிக்கலாம்.

இனி கணக்கு. கடைக்குப் போறதுக்கு முன்னால ஒரு துண்டுச் சீட்டுல எழுதுங்க. என் சீட்டு இதுதான்: 12 வோல்ட் டிசி ஃபேன் 15 வாட், எட்டு மணி நேரம், 120 வாட்-அவர். 3 வாட் எல்இடி ரெண்டு, மூணு மணி நேரம், 18. ரெண்டு போன், ஒண்ணுக்குப் பதினஞ்சு வச்சா 30. நெத்தி டார்ச் சார்ஜுக்கு ஒரு 10. மொத்தம் 180ஐ ஒட்டி வருது. அதைப் பன்னிரண்டால வகுத்தா ஒரு ராத்திரிக்கு 15 ஆம்பியர்-அவர்.

நான் முதல்ல வாங்கினது கார் பேட்டரி. அது இஞ்சினை ஸ்டார்ட் பண்ண ஒரு நொடி வேகமாக் குடுக்கச் செஞ்சது. ராத்திரி முழுக்க மெல்ல மெல்ல வடிச்சா சீக்கிரம் செத்துப் போகும். வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரி மாதிரி டியூபுலர்னா தாங்கும், ஆனா அதுலயும் பாதிக்கு மேல வடிக்காம இருக்குறது நல்லது. கனமும் ஜாஸ்தி. சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வேற விடும், மூடின வண்டிக்குள்ள தலைமாட்டுல வச்சிட்டு உறங்குற சாமானம் இல்ல. அதனால இந்தத் தடவை லித்தியம் அயர்ன் பாஸ்பேட், 50 ஆம்பியர்-அவர். வோல்ட் 12.8, ஆக 640 வாட்-அவர். அதுல எண்பத்தஞ்சு சதவீதம் எடுத்தாலும் வெயிலே இல்லாம மூணு ராத்திரி ஓடும். ஒத்தக் கையால தூக்கிட்டுப் போகலாம், விலைதான் அழுத்தும். உள்ளேயே காவல் சர்க்யூட் இருக்கு. அது இருக்கேன்னு மெயின் ஃபியூஸை விட்டுடாதீங்க.

சோலார் பேனல் 100 வாட். சார்ஜ் கன்ட்ரோலர் சாதாரணமானது போதும். அதுல ஒரு வரிசை உண்டு. முதல்ல பேட்டரியை மாட்டணும், அப்புறம்தான் பேனல். கழட்டும்போது முதல்ல பேனல். கன்ட்ரோலர் பேட்டரியைப் பாத்துத்தான் தன் வேலையைத் தீர்மானிக்குது, பேட்டரி இல்லாம பேனலை மட்டும் மாட்டினா கெட்டுப் போக வாய்ப்பு இருக்கு.

பேனல்ல எனக்குக் கிடைச்ச பாடத்தைப் படகுக்காரரும் சொல்லல. அவங்களுக்குக் கடல்ல நிழல் ஏது?

மறு சீசன், 2023 ஜனவரி. பேனலைக் கூரை மேல மாட்டினேன். தோட்டம் முழுக்க மரம் மொட்டையா நிக்கி, வெயில் அப்படியே இறங்குது. நாள் ஒண்ணுக்கு முந்நூறு வாட்-அவருக்கு மேல ஏறுச்சு. எனக்கு ஒரே பெருமை. பிப்ரவரி பாதியில தளிர் விரிஞ்சுது. தேனீ பித்துப் பிடிச்ச மாதிரி பறக்குது, பெட்டி கனக்குது, நான் சட்டம் எடுத்து எடுத்துக் கை ஓய்ஞ்சு போச்சு. அதே வாரத்துல ராத்திரி ஃபேன் நின்னு போச்சு. ஃபியூஸைப் பாத்தேன், நல்லா இருக்கு. முனைகளை எல்லாம் இழுத்துப் பாத்தேன். அப்புறம்தான் அண்ணாந்து பாத்தேன். எந்த இலை எனக்குத் தேன் குடுக்குதோ அதே இலை கூரைக்கு மேல குடை பிடிச்சிட்டு நிக்கி. பேனலுக்குள்ள இருக்குற செல் எல்லாம் ஒண்ணோட ஒண்ணு தொடரா மாட்டியிருக்கும். ரெண்டு மூணு செல் மேல நிழல் விழுந்தாக்கூட மொத்தமே படுத்துடும். மூணு நாள் சேர்ந்து ஒரு நாள் கரண்ட்கூட வரல.

அதனால பேனலைக் கூரையிலிருந்து இறக்கிட்டேன். வேன் நிழல்ல, பேனல் வெயில்ல, நடுவுல பத்து மீட்டர் வயர். பாதை ஓரமோ பாறை மேலேயோ வெயில் விழுற இடம் பாத்துச் சாய்ச்சு வைக்கணும். பெட்டி வாசலுக்கு நேரா வைக்காதீங்க, தேனீ பறக்குற வழி அது. இதுலயும் வயர் கணக்கு ஒண்ணு இருக்கு. பத்து மீட்டர்னா போக வர இருபது மீட்டர். பேனல் குடுக்குறது அஞ்சரை ஆம்பியர் கிட்ட. ஒரு சதுர மில்லிமீட்டர் வயர்னா வழியிலேயே ரெண்டு வோல்ட் போயிடும். நாலு சதுர மில்லிமீட்டர்னா அரை வோல்ட்தான். வீட்டுல 230 வோல்ட்டுல ரெண்டு வோல்ட் போனா யாருக்கும் தெரியாது. இங்க மொத்தக் கையிருப்பே பதினெட்டு.

சில்லறை விஷயம் ரெண்டு. லைட் ஒண்ணு வெள்ளை, இன்னொண்ணு சிவப்பு. தேனீ கண்ணுக்குச் சிவப்பு தெரியாது. ராத்திரி பெட்டி ஏத்தும்போது வேன்ல வெள்ளை லைட் எரிஞ்சா, வலையில தப்பினது எல்லாம் அந்த வெளிச்சத்துக்கு வந்து உங்க கழுத்துலதான் உக்காரும். சிவப்புன்னா நிம்மதியா வேலை பாக்கலாம். இன்னொண்ணு எறும்பு. தேன் இருக்குற வண்டியில எறும்பு வராம இருக்காது. வந்தா சுவிட்சுக்குள்ள குடியேறும். பெட்டிக் காலுக்குத் தண்ணிக் கிண்ணம் வைக்குறோம், ஃபியூஸ் பெட்டிக்கு வைக்க முடியுமா? இறுக்கமா மூடுற மூடி வாங்கி, மாசம் ஒருக்கா திறந்து பிரஷ்ஷால தட்டிடுறேன்.

கேள்வி கேட்ட நண்பர்கள் போட்டிருந்த பட்டியல்ல இன்டக்ஷன் அடுப்பு, ஏசி, பெரிய இன்வெர்ட்டர் எல்லாம் இருந்துது. 2021ல கேரள அரசு கேரவன் சுற்றுலா தொடங்கின பிறகு அந்த மாதிரி சொகுசு வண்டிகள் எங்க பக்கத்து ரோட்டுலயும் தட்டுப்படுது. அது வேற உலகம். இன்டக்ஷன் அடுப்பு ரெண்டாயிரம் வாட்னா பன்னிரண்டு வோல்ட்டுல 170 ஆம்பியருக்கு மேல இழுக்கும். அதுக்கு விரல் தடிமன்ல வயர் வேணும். நாங்க மூணு கல்லு கூட்டித்தான் கஞ்சி வைக்கோம், வண்டியை விட்டுத் தள்ளி, சருகு கூட்டின இடத்துல. லேப்டாப்புக்கும் இன்வெர்ட்டர் அவசியம் இல்ல, 12 வோல்ட்டுலேயே ஓடுற சார்ஜர் கிடைக்குது. பன்னிரண்டை 230 ஆக்கி, அதை மறுபடி பத்தொன்பது ஆக்குறதுல எவ்வளவு வீண்னு யோசிச்சுப் பாருங்க.

வண்டியில எதையும் வெல்டு பண்ணி மாத்தாதீங்க. பதிவுச் சான்றுல இருக்குறதுக்கு மாறா வண்டியை மாத்தக் கூடாதுன்னு மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவு சொல்லுது. என் வண்டியில பலகை, பேட்டரி, பேனல் எல்லாம் கழட்டி இறக்கிடலாம். சீசன் முடிஞ்சா அது மறுபடி சாதாரண ஆம்னி. பேட்டரி வீட்டுக்குள்ள வந்துடும். மழைக்காலத்துல கரண்ட் போகும்போது எங்க வீட்டுக்காரி அதுல ஃபேனை மாட்டிட்டு உக்காந்திருப்பா. "இதுக்காவது அந்த வேன் உதவுதே" அப்படிங்கது அவ வழக்கம்.

அக்கா மகனை 2023ல நான் கூப்பிடல. தனியாத்தான் போனேன். அந்த வருஷம் ஓணம் கழிஞ்சு அவன் வேனுக்குப் பக்கத்துல வந்து நின்னான். ஃபியூஸ் பெட்டியைத் திறந்து ஒவ்வொண்ணாக் கேட்டான், நான் சொன்னேன். மெயின் ஃபியூஸைப் பிடுங்கி, எல்லாம் அணையுதான்னு பாத்துட்டுத் திருப்பிச் சொருகினான். வீட்டுக்குப் போயி அவன் அம்மாகிட்டே என்ன சொன்னான்னு எனக்குத் தெரியாது.

2024 ஜனவரியில கிளம்புற அன்னிக்கு லாரி முன்னால போயிட்டு. நான் வேனை அக்கா வீட்டு முக்குல நிறுத்தினேன். அவன் பையோட வந்து ஏறினான். அக்கா பின்னாலேயே வந்து வாழையிலையில கட்டின பொதிச்சோறு ரெண்டு ஜன்னல் வழியா நீட்டினா. பொதிக்கு மேல ஒரு சின்னக் காகிதப் பொட்டலம் இருந்துது. மிளகாய் வத்தலோன்னு பிரிச்சுப் பாத்தேன்.

பழுப்பு நிறத்துல ரெண்டு, பச்சை நிறத்துல ஒண்ணு.

"பய எழுதிக் குடுத்தான், மார்த்தாண்டத்துல போயி வாங்கினேன்"னா. "பாதி வழியில இல்லாம ஆயிடப்பிடாதுல்லா."